ஒரு டப், பல புஸ்

கேள்வி: ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரர் நூறு வருடப் பழைய பெட்ரோல் இன்ஜினின் குட்டி மாடல் வாங்கி ஹாலில் ஓட்டுகிறார். ஒரு ‘டப்’, அப்புறம் ‘புஸ், புஸ்’ என்று சும்மாவே சுற்றுகிறது. ஏமாந்துவிட்டாரா?
- ஒரு வாசகி, ஈக்காட்டுத்தாங்கல்

பதில்: இல்லை அம்மா, அதன் பிறவிக்குணமே அதுதான். வேகம் கூடினால், அதைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகம், புகை வெளியேறும் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். பெட்ரோலும் போகாது, வெடிக்கவும் வெடிக்காது. கனத்த ஃப்ளைவீல் பழைய வேகத்திலேயே சுற்றும். வேகம் குறைந்ததும் மறுபடி ‘டப்’. தேவைப்பட்டால் மட்டும் உழைப்பு. வீட்டுக்காரர் எந்த ஆபீசில் இருந்தார் என்று நான் கேட்கவில்லை!

ஜெர்மனியில் ஓட்டோ என்பவர் இதற்கு முன்னோடியான நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினை ஓட்டிக் காட்டியது 1876-ல். அந்த வகை இன்ஜினைச் சிறிதாக்குவது தனி வித்தை. அளவுகளைப் பாதியாக்கினால் சிலிண்டரின் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும்; சுவரின் பரப்போ நாலில் ஒன்றாகத்தான் குறையும். சூடு சீக்கிரம் ஓடிப்போகும், கிளப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

பிஸ்டன் ரிங் தேய்ந்தால் கவலை வேண்டாம். 1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. நல்ல லேத்காரர் ஒருவர் அகப்படாமலா போவார்?

ஹாலில் மட்டும் ஓட்டவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொல்லும். இன்ஜினையும் அவரையும் சேர்த்தே மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுங்கள்.