ரெக்கவரி டிஸ்க் மகாத்மியம்

கம்ப்யூட்டர் வாங்கினால் விண்டோஸையும் கையில் கொடுத்து அனுப்பிய பொற்காலம் ஒன்று இருந்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளிவந்தபோது, சிடி டிரைவ் இல்லாத பாவப்பட்ட ஜீவன்களுக்காக அதை 13 பிளாப்பிகளில் அடைத்தும் விற்றார்கள். பிளாப்பி ஒன்றின் கொள்ளளவு 1.44 எம்பி என்பது ஊரறிந்த கணக்கு. மைக்ரோசாப்ட் அதே பிளாப்பியில் 1.68 எம்பியைத் திணித்தது. பன்னிரண்டை விழுங்கி ஏப்பம் விட்ட கணினி, பதின்மூன்றாவதைப் படிக்க முடியவில்லை என்று கையை விரிக்கும்; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனாலும் காசு கொடுத்தவன் கையில் பொருள் இருந்தது.

அது சிலருக்குப் பொறுக்கவில்லை. ஒரு சிடியை வாங்கி ஊரே போட்டுக்கொள்கிறது என்று மைக்ரோசாப்டுக்கு நெடுநாள் மனக்குறை. 2000-ஆம் ஆண்டில் பெரிய கணினி நிறுவனங்களுக்கு ஓலை போயிற்று: இனி முழு விண்டோஸ் சிடியைக் கொடுக்காதீர்கள்; அந்தந்த மாடலில் மட்டும் ஓடும் ரெக்கவரி சிடி கொடுங்கள், அல்லது ஹார்ட் டிஸ்கிலேயே ஒரு பிரதியைப் பதுக்கி வையுங்கள். ஊரைத் திருத்தும் திட்டம்தான். ஆனால் ஊரில் திருட்டு சிடி விற்றவனுக்கு ஒரு குறையும் வரவில்லை, அவன் முழு சிடியைத்தான் விற்றுக்கொண்டிருந்தான். அரைகுறை சிடி கிடைத்தது ரசீதோடு வாங்கியவனுக்கு.

கொஞ்ச நாளில் கணினி நிறுவனங்களுக்கு ஞானம் பிறந்தது. சிடி அச்சடிக்கக் காசு, உறைக்குக் காசு, பெட்டியில் இடம். பதுக்கி வைக்கத்தான் அனுமதி இருக்கிறதே! ஹார்ட் டிஸ்கில் ஒரு மூலையைப் பிரித்து 'ரெக்கவரி' என்று பெயர் வைத்தார்கள். சில லேப்டாப்புகளில் அது டி டிரைவ் என்று பட்டவர்த்தனமாகத் தெரியும், நிரம்பி வழிந்து சிவப்புக் கோட்டோடு. இடம் வீணாகிறதே என்று புண்ணியவான் யாராவது அதை அழிப்பார். அல்லது 'ஃபார்மட் அடிச்சிடலாம் சார்' என்று கடைப் பையன் மொத்தமாகத் துடைத்துவிடுவான். யாரும் தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். விண்டோஸ் படுத்துவிட்டால் எஃப்11-ஐ அழுத்தி மீட்கலாம், சரி. ஹார்ட் டிஸ்கே படுத்துவிட்டால்? மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

இது தெரியாதவர்களா அவர்கள்? தெரிந்ததால்தான், புது லேப்டாப்பைத் திறந்ததும் ஒரு பெட்டி குதித்து வந்து நின்றது: 'உங்கள் ரெக்கவரி டிஸ்குகளை இப்போதே தயாரித்துக்கொள்ளுங்கள்.' அரை லட்சம் கொடுத்து வாங்கியவன் கடைக்கு நடந்து, காலி டிவிடி வாங்கி வந்து, மாலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதி, பேனாவால் 1, 2, 3 என்று இலக்கமும் இட வேண்டும். ஹெச்பி கணினிகளில் ஒரு செட்தான் எடுக்க முடிந்தது. சோம்பேறியாக இருந்தவன் பிற்பாடு வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசி போட்டு, ஏற்கெனவே விலை கொடுத்த பொருளுக்கு இன்னொரு விலையும் தபால் செலவும் கட்டினான்.

மீட்டபின் கிடைப்பதாவது தூய விண்டோஸா என்றால், அதுவும் இல்லை. காலாவதியாகப் போகும் ஆன்டிவைரஸ், பழகு பதிப்பு விளையாட்டுகள், பிரௌசரின் நெற்றியில் பட்டை பட்டையாக டூல்பார்கள் என்று நீங்கள் ஒரு மாதம் பாடுபட்டுத் துரத்திய அத்தனை பேரும் சீர்வரிசையோடு திரும்பி வருவார்கள். 2008-இல் சோனி ஒரு யோசனை செய்தது. இந்தக் குப்பைகள் இல்லாமல் வையோ லேப்டாப் வேண்டுமா? 49.99 டாலர் கூடுதலாகக் கொடுங்கள். குப்பை போட்டவரே குப்பை அள்ளக் கூலி கேட்ட அந்த நேர்மையை உலகம் ரசிக்கவில்லை. கூச்சல் கிளம்பியதும், அவசர அவசரமாக இலவசம் என்றார்கள்.

2007-இல் வந்த ஆசஸ் ஈ பிசி இந்த வரலாற்றில் ஒரு தனி ரத்தினம். கைக்கு அடக்கமான குட்டிக் கணினி, டிஸ்க் டிரைவ் கிடையாது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே மீட்பு டிவிடி!

டிஸ்க் கிடைத்தாலும், லேப்டாப்பின் அடிவயிற்றில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும் 25 எழுத்துச் சாவியைத் தட்ட வேண்டி வரலாம். சூடும் வேர்வையும் மாறி மாறி உரசும் இடம் பார்த்து அதை ஒட்டிய மேதை யாரோ! இரண்டே வருடத்தில் அது 8-ஆ, ஆங்கில பி-யா என்று குடும்பமே டார்ச் அடித்துப் பார்க்கும். விண்டோஸ் 8 வந்த 2012-இல்தான் சாவியை மதர்போர்டுக்குள்ளேயே புதைத்து அந்த ஆராய்ச்சிக்கு மங்களம் பாடினார்கள்.

அதே 2012-இல் அமெரிக்காவில் எரிக் லண்ட்கிரென் என்பவர் இந்தச் சரித்திரத்துக்குள் தலையை நீட்டினார். பழைய மின்கழிவுகளை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருவது அவர் தொழில். பிற்பாடு கழித்துக் கட்டிய பொருள்களை வைத்தே மின்சாரக் கார் கட்டி ஓட்டியவர். பழைய கணினியை வாங்குபவரிடம் விண்டோஸ் உரிமம் இருக்கிறது, டிஸ்க்தான் இல்லை. அதனால் நல்ல கணினிகள் குப்பைக்குப் போகின்றன என்பது அவர் கட்சி. சீனாவில் சுமார் 28,000 ரெக்கவரி டிஸ்குகளை அச்சடித்தார். அத்தோடு நின்றிருக்கலாம். டிஸ்கின் மேல் டெல் நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் அச்சு அசலாகப் போட்டுவைத்தார். சுங்கத்தில் சரக்கு சிக்கியது.

குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். வழக்கு, அந்த டிஸ்கின் விலை என்ன என்பதில் மாட்டிக்கொண்டது. அதில் இருந்த மென்பொருளை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். உரிமம் இல்லாமல் அது ஓடியும் பயனில்லை. ஆகவே விலை பூஜ்ஜியம் என்றது அவர் தரப்பு. அரசுத் தரப்பு முதலில் ஒன்றுக்கு 299 டாலர் என்று மலையேறி, பிறகு 25 டாலருக்கு இறங்கி வந்தது. 25 டாலர் என்பது பழுது பார்த்து விற்பவர்களுக்கு மைக்ரோசாப்ட் உரிமத்தோடு சேர்த்துத் தந்த டிஸ்கின் விலை. லண்ட்கிரெனின் டிஸ்கில் உரிமம் ஏது? நீதிமன்றம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 28,000-ஐ 25-ஆல் பெருக்கி 7 லட்சம் டாலர் என்று கணக்கு எழுதி, 15 மாதச் சிறையும் 50,000 டாலர் அபராதமும் விதித்தது. போலி முத்திரை குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருடம் வாங்கியவனுக்குக் கொடுக்க மனம் வராத ஒரு வட்டுக்கு இவ்வளவு விலையா என்று எனக்கு வாய் பிளந்தது.

2018 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த 25 டாலரை உறுதி செய்தது. அதற்குள் விண்டோஸ் 10 வந்து, பென் டிரைவில் இறக்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாப்டே கருவியை இலவசமாக நீட்டிக்கொண்டிருந்தது. கடையில் நின்ற புது லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் போடும் இடமே இல்லை.