வாசல்ல பாட்டன், உள்ள பேரன்

மாப்ளே, இங்கிலாந்துல லீட்ஸுக்குப் படிக்கப் போறியாம்ல. பப்புங்கிற பீருக்கடைப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன்னு என் தங்கச்சி தலையில அடிச்சுச் சத்தியம் வேற பண்ணிருக்கியாம். நல்லது. மீறுறதுன்னு ஆனபிறகு மட்டமான கடையில போயி மீறிறாதே. அதுக்குத்தான் சொல்றேன்.

எம் மக பேறுகாலத்துக்கு அங்க போயிருந்தப்ப, அவளைக் கட்டுனவரு டவுன் நடுவுல இருக்க பழைய பப்பு ஒண்ணுக்கு என்னையக் கூட்டிட்டுப் போனாரு. வெளிய பாத்தா அரண்மனை. பச்சைக் கலர்ல வழவழன்னு ஓடு பதிச்ச சுவரு, பூவேலை செஞ்ச சன்னல் கண்ணாடி, தங்கத்துல எழுத்து, தலைக்கு மேல சிங்கம் போட்ட பலகை ஆடுது. 1393-ல இரண்டாம் ரிச்சர்டுன்னு ஒரு ராசா, பீரு விக்கிறவன் வாசல்ல அடையாளம் தொங்கவிடணும்னு ஆணை போட்டானாம். கடை எதுன்னு தெரிஞ்சாத்தானே சரக்கைச் சோதிக்க அதிகாரி வரமுடியும்? வெவரமான ராசா. நானும் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நுழைஞ்சேன்.

உள்ள ஆஸ்பத்திரிக்கு அடிக்கிற சாம்பல் பெயிண்டு. எங்கிட்டு திரும்புனாலும் டிவி, எல்லாத்துலயும் அதே பந்து. மூலையில லைட்டு மினுக்குற சூதாட்ட மெஷினு. மேசையில முழங்கையை வச்சா திருப்பித் தரமாட்டேங்குது. செவுத்துல ஒரு அலமாரி, நெறையப் புத்தகம். படிச்ச ஊராச்சேன்னு ஒண்ணை உருவுனேன், அலமாரியே கூட வருது. புத்தகத்தோட முதுகை மட்டும் வெட்டி ஒட்டியிருக்காய்ங்க.

மக வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவர்ட்ட ஏன் இப்படின்னு கேட்டேன். அவருக்கு அழுகையே வந்துருச்சு. விக்டோரியா மகாராணி காலத்துல உள்ளுக்குள்ள தடுப்புத் தடுப்பா அறை இருக்குமாம். கூலிக்காரனுக்குப் பப்ளிக் பார், கோட்டுப் போட்டவனுக்கு சலூன், ஆள் கண்ணுல படாமக் குடிக்கிறவனுக்கும் பொம்பளையாளுகளுக்கும் ஸ்னக்குன்னு சின்ன அறை. கவுண்டர் மேல, குடிக்கிற தொரை மொகம் ஊத்துறவனுக்குத் தெரியாதபடி திருப்பி வச்சுக்க கண்ணாடித் தட்டி. அதே பீரு, தடுப்புக்கு அங்கிட்டுப் போனா காசு கூட. தடுப்புக் கட்டுறதுல வெள்ளைக்காரன் நமக்குச் சளைச்சவன் இல்ல.

1960, 70-கள்ல பீரு கம்பெனிக்காரய்ங்க எடுத்தாய்ங்க பாரு கடப்பாரை. சுவரை எடுத்துட்டா கவுண்டர்ல நிக்கிற ஒத்த ஆளே மொத்தக் கடையையும் பாத்துக்கலாம், கூட்டமும் நெறைய நிக்கும். மூலைமுடுக்கெல்லாம் போயி ஒரே பொட்டலாப் போச்சு. பிறகு, அய்யய்யோ மொட்டையா இருக்கேன்னு வண்டிச் சக்கரமும் செம்புப் பாத்திரமும் வாங்கி மாட்டுனாய்ங்க. இருந்த பழசை ஒடச்சுப் போட்டுட்டு, இல்லாத பழசை வெலைக்கு வாங்குற வித்தை. சிரிக்காதே. உங்கப்பன் திண்ணையை இடிச்சு ஷட்டர் போட்டான். நீ இப்ப ஹாலுல மாட்டுவண்டிச் சக்கரம் மாட்டச் சொல்லி ஆசாரியைத் தேடுறியாம்ல?

இதைக் கேட்டு அந்த ஊரே நாசம்னு முடிவு கட்டிறாதே. கேம்ரான்னு ஒரு சங்கம் இருக்கு. செல்லுல இருக்க கேமரா இல்ல, 1971-ல நல்ல பீருக்காக ஆரம்பிச்ச சங்கம். உள்கட்டு பழசு மாறாத பப்பு எதெதுன்னு பட்டியலே போட்டு வச்சிருக்காய்ங்க. வாசலைப் பாத்து மயங்காம அதைப் பாத்துட்டுப் போ. லிவர்பூல்ல பில்ஹார்மோனிக்னு ஒண்ணு, 2020-ல அரசாங்கமே முதல் தரக் கட்டடம்னு சேத்துருச்சு. அங்க ஆம்பளைக ஒண்ணுக்குப் போற இடம்கூட பளிங்கு, அதைப் பாக்குறதுக்குன்னே ஆளுக வர்றாக. லண்டன்ல கார்ல்டன் டாவர்ன்னு ஒரு பப்பை 2015-ல அனுமதி இல்லாம இடிச்சுப் போட்டாய்ங்க. நகராட்சி விடல. இருந்தபடியே திரும்பக் கட்டுன்னு உத்தரவு போட்டுருச்சு. கட்டி 2021-ல தெறந்தாச்சு. நம்ம ஊர்ல இந்தச் சட்டம் வந்தா உங்கப்பன் கதி என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு.

அதுக்காகக் கொறையே இல்லாத பப்பைத் தேடி அலையாதே. ஒரு எழுத்தாளர், ஜார்ஜ் ஆர்வெல், 1946-ல ஒரு பப்பைப் பத்திப் பேப்பர்ல எழுதினாரு. மூன் அண்டர் வாட்டர்னு பேரு. இப்படி, அப்படின்னு நாக்குல எச்சி ஊற எழுதிட்டு, கடைசியில அப்படி ஒரு கடையே இல்லைன்னுட்டாரு. வெதர்ஸ்பூன் கம்பெனி பின்னாடி அந்தப் பேரையே எடுத்துத் தன்னோட பப்பு சிலதுக்கு வச்சிருச்சு. இல்லாத கடைக்குக் கிளை தெறந்தவன் ஒலகத்துல அவன் ஒருத்தன்தான்.

போனா, மேசையில உக்காந்துக்கிட்டு சர்வர் வருவான்னு காத்திருக்காதே. பெரும்பாலும் நீதான் கவுண்டருக்குப் போயிக் காசைக் குடுத்து வாங்கிட்டு வரணும். ஒரு பைன்ட்டுங்கிறது 568 மில்லி. பீப்பாய்ல இருந்து கையால பம்பு அடிச்சுத் தர்ற பீரு ஐஸா இருக்காது. சுடுதுன்னு கத்தி மானத்தை வாங்கிறாதே.

சேக்காளிக இழுத்துட்டுப் போயி, உள்ள வெறும் பொட்டலா இருந்துச்சுன்னா, கிளாஸைத் தூக்கிட்டு வாசலுக்கு வந்துரு. வெயிலடிச்சா அங்க பாதிப் பேரு வெளியதான் நிப்பான். எல்லாருக்கும் சேத்து நீ ஒரு சுத்து வாங்குற முறை வரும்போது மட்டும் உள்ள போனாப் போதும். அதுலயும் மொதச் சுத்தை நீயே முந்திக்க. அப்பத்தான் ஆள் கம்மியா இருப்பான்.