எஞ்சிய வாளித் தேற்றம்: அப்புத்தளைச் சுவர்களையும் அலுமாரிகளையும் முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டிலுள்ள தளபாடங்களுக்கு ஏற்றபடி சுவரின் நிறத்தைத் தேர்வது எப்படி? இந்த வினாவை உலகம் வெகுகாலமாகத் தலைகீழாகக் கேட்டு வருகிறது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். களம் இலங்கையின் அப்புத்தளை. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,430 மீற்றரில், மலைமுகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். பள்ளத்திலிருந்து முகில் ஏறிக்கொண்டே இருப்பதால், எதிர்வீட்டுச் சுவர் பச்சையா நீலமா என்று தீர்மானிக்க ஆய்வாளருக்குப் பொறுமை வேண்டும். பல வேளைகளில் எதிர்வீடே தெரியாது.

இத்துறையின் மூலவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல். பாரிசின் கோப்லென் நெசவுச்சாலையில் சாயப் பிரிவை நடத்தியவர். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தபோது, பழுது சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில்தான் என்று கண்டுபிடித்தார். 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். 102 வயது வரை வாழ்ந்து 1889இல் காலமானார். தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியது 1890இல். ஓராண்டு இடைவெளியில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர் ஒரு பேரறிஞரைத் தவறவிட்டது.

உள்ளூரில் இச்சிக்கலை முதலில் தீர்த்தவர் தோட்டத்துரை சர் தோமஸ் வில்லியர்ஸ். 1931இல் அவர் கட்டிய அடிசம் பங்களாவின் சுவர் கல், உள்வேலை பர்மாத் தேக்கு. கல்லுக்குப் பெயின்ட் தேவையில்லை. பெயின்ட் இல்லாத இடத்தில் பொருத்தம் பற்றிய கேள்வியும் இல்லை. இன்று அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். துறவிகளுக்குத் தளபாடக் கவலை இயல்பிலேயே குறைவு என்பதால் அவ்வீட்டை ஆய்விலிருந்து நீக்கினோம்.

எஞ்சுவது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் கட்டில், அலுமாரி, டிவி மேசை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள், தகரப் பெட்டி, சாமிப் படங்கள், கலியாணப் படம், இரண்டு கலண்டர் எல்லாம் இருக்கும். இவ்வளவும் போக மிஞ்சுவதே சுவர். ஆகவே இவ்வாய்வில் ‘சுவர்’ என்றால் அலுமாரி உச்சிக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையே தெரியும் பகுதி என்று கொள்க.

அந்தப் பகுதி யாருடையது? கொழுந்து பறித்து ஓய்ந்த ஆயா ஒருவரிடம், அலுமாரிக்குப் பொருத்தமாகச் சுவரை மாற்றுவீர்களா என்று கேட்டபோது அவர் தந்த விடை இது: “சொவரு தொரை சொவரு, அலுமாரி நம்ம அலுமாரி. எது எதுக்கு மாறணும்னு நீயே சொல்லு தம்பி.” உரிமைச் சட்டம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. வெள்ளைக்காரக் கம்பனிகளின் சுவர் 1975இல் அரசின் சுவராயிற்று. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு வந்தது. இத்தனைக்கும் உள்ளே கிடந்தது அதே கட்டில். சுவர் கைமாறும், கட்டில் மாறாது. எனவே தளபாடத்தை நிலையாக வைத்துச் சுவரை மாற்றும் உலக முறை இங்கே தத்துவரீதியாகச் சரி, சட்டரீதியாகச் சிக்கல்.

ஆனால் தீபாவளி வந்தால் சட்டம் ஒதுங்கிக்கொள்ளும். ஒரே கூரையின் கீழ் ஒரு வீட்டுக்காரர் மஞ்சள் அடிப்பார், அடுத்தவர் ரோஸ், அதற்கடுத்தவர் கிளிப்பச்சை. இரண்டு வீட்டு நிறங்கள் சந்திக்கும் நேர்கோடுதான் லயத்தின் எல்லைக்கல். நூல் பிடித்து, மூச்சை அடக்கி, உறவு முறியாமல் அடிக்க வேண்டிய இடம் அது. ஷெவ்ரலின் விதி முழு உக்கிரத்துடன் வேலை செய்வதும் அங்கேதான்: பக்கத்து வீட்டுக் கடும் மஞ்சளை ஒட்டியிருந்தால் நம் சாம்பல் வெள்ளை நீலம் பாரித்துத் தெரியும். வாளியை மாற்றிப் பயனில்லை, மாற்ற வேண்டியது அயல்வீட்டை.

தேர்தல் காலம் தனிக் காரணி. பச்சை அடித்தால் யானை, நீலம் அடித்தால் கை, சிவப்பு அடித்தால் தோழர். கட்சி ஒட்டாத நிறம் தேடுகிறவர்கள் கிறீமில் வந்து முடிவதை அழகுணர்ச்சி என்று எண்ணிவிடக்கூடாது.

இனிக் காலநிலை. இவ்வாய்வின் முக்கியமான பகுதி இதுதான். கடை ட்யூப் லைட்டில் கலர் கார்டைப் பார்த்துப் பிடித்துப்போன நிறம், முகில் மூடிய பகலில் வேறொன்றாகிவிடும். ஈரமாக இருக்கையில் எமல்ஷன் வெளிறித் தெரியும், காய்ந்தபின் கறுக்கும். ஐப்பசி மழையில் அது காயவே காயாதாகையால், வாங்கிய நிறம் எது என்பது பொங்கலுக்குத்தான் தெரியவரும். போதாக்குறைக்கு, பல எமல்ஷன்கள் 10 பாகை செல்சியசுக்குக் கீழே சரியாகப் படலம் கட்டுவதில்லை. காயும்வரை காத்திருந்து அலுமாரியைத் திரும்ப ஒதுக்கி வைப்பதற்குள் வேலைக்குப் போக நேரமாகி அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும்.

பழைய சுண்ணாம்புக்கு இந்த வில்லங்கம் இல்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உண்டு மீண்டும் கல்லாக இறுகுவது. அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அப்புத்தளைக்கு ஈரத்தில் குறைவில்லை. அதன் காரத்தன்மை பூஞ்சணத்தையும் அண்டவிடாது. ஒரு சிட்டிகை நீலம் கலந்தால் பழுப்பு தெரியாது. தளபாடப் பொருத்தத்திலும் சுண்ணாம்பை எதுவும் வெல்லாது: சாய்ந்தவர் முதுகிலும், கதிரைப் பின்புறத்திலும், அலுமாரி ஓரத்திலும் தானே ஏறி, சில வாரங்களில் வீடு முழுவதையும் ஒரே நிறமாக்கிவிடும். இதற்கு மேல் என்ன ஒத்திசைவு வேண்டும்?

பெயின்ட் யுகத்தில் அதே பணியைச் செய்வது எஞ்சிய வாளி. சுவர் முடிந்தபின் அடியில் மிஞ்சும் பெயின்டைக் கொட்டுகிற குடும்பத்தை நாம் சந்தித்ததில்லை. அது முதலில் யன்னலுக்குப் போகும், பிறகு முக்காலிக்கு, தகரப் பெட்டிக்கு, செருப்புத் தட்டுக்கு, கடைசியில் பூந்தொட்டிக்கு. தேற்றம் வருமாறு: வாளியில் மிச்சம் இருக்கும்வரை, வீட்டுத் தளபாடம் சுவரின் நிறத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். அலுமாரிக்குச் சுவரைப் பொருத்த நகரத்தார் ஆலோசகருக்குக் காசு கொடுக்கிறார்கள். இங்கே சுவருக்கு அலுமாரியைப் பொருத்த ஒரு பிரஷும், பள்ளிக்கூடம் போகாத ஒரு பையனும் போதும்.

ஆய்வின் நடைமுறைப் பரிந்துரை ஒன்றே. அப்புத்தளை அமைந்த ஊவாவில் வரண்ட காற்று வீசுவது ஆடி, ஆவணியில். பெயின்ட் ஒழுங்காகக் காய்வதும் அப்போதுதான். முற்பணம் கைக்கு வருவதோ தீபாவளியை ஒட்டி, மழையோடு மழையாக. தோட்ட நிர்வாகங்கள் தீபாவளி முற்பணத்தை ஆவணியிலேயே கொடுத்துவிட வேண்டும். சுவர் அவர்களுடையது என்பதால் இதில் அவர்களுக்கும் நட்டமில்லை.