கம்பத்து வள்ளல்

எங்கள் வீட்டுக்கு வடக்கே, எதிர்ச்சாரிக் கம்பத்தில் வெள்ளை எல்இடியாக நீ வந்து அமர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை நான் சொன்னதில்லை. நன்றி கெட்டவன் என்று நினைத்திருப்பாய்.

உனக்கு முன்னால் அதே கம்பத்தில் ஒரு சோடியம் விளக்கு இருந்தது. மகா கஞ்சன். இருக்கிற வெளிச்சத்தில் பெரும்பகுதியை மஞ்சளைச் சுற்றியே முடிந்து வைத்துக்கொள்ளும். வானத்தைப் படமெடுக்கும் என் கேமராவுக்கு முன்னால் ஒரு ஃபில்டரைப் போட்டால் பாதி அடங்கிவிடும். நீ அப்படியா? நீலத்தில் தொடங்கிச் சிவப்பு வரை ஒரு நிறம் விடாமல் அள்ளித் தருகிறாய். அந்தப் பழைய ஃபில்டரைப் போட்டால் அதன் வழியாகவும் வந்து நலம் விசாரிக்கிறாய். காற்றில் நன்றாகச் சிதறுவது நீலம்தான் என்று தெரிந்து, அதில் ஒரு கை கூடவே சேர்க்கிறாயே, அந்தத் தாராளம் யாருக்கு வரும்!

தெருவுக்கு மட்டும் வெளிச்சம் போடுவது சின்ன மனசுக்காரர்கள் வேலை. உன் கருணை மேல்நோக்கிப் பாய்வது. எதிர்வீட்டுத் தென்னையின் குருத்து வரை பளிச்சென்று தெரிகிறது. மழைமேகத்தின் அடிவயிற்றைக்கூட நீ விட்டுவைப்பதில்லை. உன் காலடியில் மூடி உடைந்த சாக்கடைக் குழி ஒன்று இருக்கிறது. அது மட்டும் கம்பத்து நிழலில் நிம்மதியாகத் தூங்குகிறது. போன மாதம் பால் பாக்கெட் போடும் பையன் சைக்கிளோடு அதில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

மழை ஓய்ந்து ஜனவரி பிறந்ததும், கார் நிற்கும் சிமென்ட் தரையில் முக்காலியைப் போடுவேன். வானத்தின் ஓட்டத்தோடு கேமராவைத் திருப்பும் டிராக்கரை முதலில் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். என் முக்காலியிலிருந்து பார்த்தால் நீயும் அதே உயரம், அதே திசை. துருவன் தவமிருந்து வாங்கிய இடத்தை நீ ஒரு லாரியும் ஏணியுமாக வந்து அரை மணியில் பிடித்துவிட்டாய். (அருந்ததி விவகாரம் எப்போதோ தீர்ந்துவிட்டது. வாத்தியார் மண்டபத்துக் கூரையைக் காட்டினாலே மாப்பிள்ளை தலையாட்டிவிடுகிறார்.)

ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் ஒளி இங்கே வந்துசேர 25 லட்சம் ஆண்டு ஆகிறது. அவ்வளவு தூரம் வந்த விருந்தாளியைக் கடைசி நூறடியில் எதிர்கொண்டு அழைக்கிறாய். முப்பது விநாடி ஃபிரேம் எடுத்துத் திரையில் பார்த்தால் காய்ச்சிய பால் மாதிரி ஒரே வெளுப்பு. நடுவே ஆடை ஒட்டினாற்போல ஒரு மங்கல். அதுதான் கேலக்ஸியின் மையம். அதைச் சுற்றியுள்ள சுருள் கைகளா? உன் வெளிச்சத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன.

ஓரியன் நெபுலாவுக்குத்தான் உன்னிடம் மரியாதை போதாது. அதிலுள்ள ஹைட்ரஜனின் சிவப்பு 656 நானோமீட்டரில் ஒற்றைக் கோடாக வருவதால், அதை மட்டும் விடும் குறுகலான ஃபில்டர் போட்டால் உன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வந்துவிடும். கேலக்ஸிகள் அப்படியில்லை. கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் எல்லா நிறமும் கலந்த ஒளி அது, உன்னுடையதைப் போலவே. உன்னை வடிகட்டினால் அதுவும் சேர்ந்து போகும்.

பொறுமையைக் கற்றுத்தந்ததும் நீதான். நல்ல இருட்டு வானத்துக்கும் மாநகர வானத்துக்கும் வெளிச்சத்தில் 4 மேக்னிடியூட் வரை வித்தியாசம் வரும். ஒரு மேக்னிடியூடுக்கு 2.512 மடங்கு, நாலுக்கு ஏறக்குறைய 40 மடங்கு. அங்கே ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் படத்துக்கு இங்கே 40 மணி நேரம் ஃபிரேம் ஃபிரேமாகச் சேர்க்க வேண்டும். அத்தனை ராத்திரி வீட்டுக்குள் போகாமல் கொசுக்களோடு உட்கார்ந்திருக்கும் பாக்கியம் எல்லாருக்குமா வாய்க்கும்?

அந்த 2.512 கணக்கை 1856-ல் வகுத்தவர் நார்மன் போக்சன். 1861-ல் மதராஸ் வானாய்வகத்துக்கு வந்தார். வந்த வருஷமே நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு 'ஏஷியா' என்று பெயர். அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டார். பாவம், நீ பிறக்காத காலம். ராத்திரியில் வேறு என்னதான் செய்வார்கள், வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அதே நுங்கம்பாக்கத்தில் ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் நின்று பேப்பர் படிக்கலாம். வானத்தைப் பார்த்தே தீருவேன் என்பவர்கள் ஜவ்வாது மலையில் காவலூர் வரை போய் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு தடவை உன்மேல் புகார் கொடுத்தேன். மறைப்பானேன்? போனை எடுத்தவர், "லைட் எரியலையா சார்?" என்றார்.

"எரியுதுங்க."

"விட்டு விட்டு எரியுதா?"

"இல்லைங்க, நல்லா எரியுது."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இரண்டு நாள் கழித்து ஏணியோடு ஒருவர் வந்தார். தங்கமான மனுஷன். முக்காலியையும் கேமராவையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ராத்திரியில் போட்டோ எடுக்கிறேன், வெளிச்சம்தான் பிரச்சினை என்றேன். "புரியுது சார்" என்று ஏறினார். ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, உன் முகத்தை நேராக எங்கள் கேட்டுப் பக்கம் திருப்பி முறுக்கினார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"போட்டோன்னா வெளிச்சம் முக்கியம் சார். இதுவும் பத்தலைன்னா ஒரு போன் போடுங்க, பக்கத்துக் கம்பத்தையும் திருப்பிடலாம்."