வாகனத்தில் கண்டம்

எனக்கு இருபது வயதிருக்கும்போது காலடிப்பேட்டை ஜோசியர் ஒருவர் என் ஜாதகத்தைப் புரட்டிவிட்டு, "தம்பிக்கு வாகனத்தில் கண்டம் இருக்கு" என்றார். அம்மா அன்றைக்கே வடிவுடையம்மனுக்கு ஒரு புடவை வேண்டிக்கொண்டாள். நானும் அதற்கப்புறம் முப்பது வருஷம் மாநகரப் பேருந்தைத் தவிர வேறெதிலும் ஏறாமல் காலம் தள்ளினேன். ஜோசியர் மோட்டார் பாஷையில் பேசியிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. இனி ஓடாது என்று அரசாங்க ஆபீசில் எழுதி ஏலத்துக்குத் தள்ளும் வண்டிக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் கண்டம். 'கண்டெம்டு' என்று வெள்ளைக்காரன் சொன்னதில் வாலை நறுக்கி வைத்துக்கொண்டது. (அவன் வார்த்தையை நறுக்குவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த காலெட்பேட்டைதான் இன்றைய காலடிப்பேட்டை.)

என் கண்டம் 2022-ல், ஒரு குட்டியானையின் பின்னால் கயிறு கட்டிக்கொண்டு, திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குள் வந்தது. 1972 மகிந்திரா ஜீப், சி.ஜே.3பி. ஏதோ ஒரு துறையில் அதிகாரி சவாரி முடித்து, ஏலம் போய், நாலு கை மாறி, ஐந்தாவதாக என் கையில் விழுந்தது. எனக்கும் அதற்கும் ஒரே வயது. ஒரே மாதிரி முட்டிச் சத்தம்கூட.

"இது என்ன வண்டி?" என்றாள் மனைவி.

"ஃபோர் வீல்."

"எல்லா வண்டிக்கும் நாலு வீல்தானே?"

"அதில்லம்மா. இதுல நாலு வீலும் இழுக்கும்."

அவள் கயிற்றைப் பார்த்தாள், குட்டியானையைப் பார்த்தாள். "இப்போ ஒண்ணும் இழுக்கலையே" என்று சொல்லிவிட்டுக் கோலப்பொடி டப்பாவோடு உள்ளே போய்விட்டாள். அந்த வண்டி நிற்கப்போவது அவள் கோலத்தின் மேல்தான் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கடல் மட்டத்தில் இருக்கும் ஊரில் ஃபோர் வீல் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கள் ஊரில் மலை கிடையாது, வாஸ்தவம். ஆனால் பள்ளம் உண்டே. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோவுக்காகத் தோண்டிய காலத்தில் (ரயில் 2021 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்தது) எங்கள் நெடுஞ்சாலையைக் கடந்தவன் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான்.

ஜீப்பின் பூர்வகதை எனக்கு மனப்பாடம். தொழிலை ஆரம்பிக்கும்போது, 1945-ல், அது மகிந்திரா அண்ட் முகமது. நாடு பிரிந்ததும் பங்காளி குலாம் முகமது பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதி அமைச்சராகி, பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே மிச்சமிருந்தவர்கள் 1948-ல் மகிந்திரா அண்ட் மகிந்திரா என்று பெயரை மாற்றினார்கள். எம் அண்ட் எம் அப்படியே இருந்தது. பங்காளி போனாலும் பெயிண்டர் கூலி மிச்சம். வில்லீஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் உரிமம் வாங்கி ஜீப் கட்டினார்கள். இந்த மாடலை அமெரிக்காக்காரன் 1968-லேயே நிறுத்திவிட்டான். அவன் கண்டம் பண்ணியதை நாம் அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் புதுசாகச் செய்து தாசில்தார்களை ஏற்றி அனுப்பினோம்.

அதன் எஞ்சினுக்கு ஹரிக்கேன் என்று பெயர். நாலு சிலிண்டர், 2.2 லிட்டர் பெட்ரோல். முந்தைய எஞ்சினைவிட உயரம் அதிகம் என்பதால் பானெட்டையும் உயர்த்திவிட்டார்கள்; முண்டாசு கட்டிய மேஸ்திரி மாதிரி இருக்கும். "அரிக்கேன்னா விளக்குதானே?" என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்வியை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜீப்பை நான் தனியாகப் பழுது பார்ப்பதாகத்தான் திட்டம். ஞாயிற்றுக்கிழமை, கையில் ஸ்பேனர், பக்கத்தில் ரேடியோ. அந்தத் திட்டம் முதல் ஞாயிறு காலை ஏழரை மணி வரை நீடித்தது.

எங்கள் பக்கத்தில் உறவுமுறை கம்பெனி வாரியாகப் போகும். எதிர்வீட்டில் லேலண்ட் தாத்தா. மூன்றாம் வீட்டில் என்ஃபீல்டு பெரியப்பா. முனையில் எம்.ஆர்.எஃப். சித்தப்பா. மூவரும் ஓய்வு பெற்றவர்கள்; மூவருக்கும் ஓய்வு பிடிக்காது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, எண்ணூரில் ஆஸ்டின் கார் கட்டி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனதை லேலண்ட் தாத்தா தன் குடும்ப வரலாறு மாதிரிச் சொல்லுவார். அதே 1955-ல் திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு வந்து, பட்டாளத்துக்கு புல்லட் கட்டிக் கொடுத்ததைப் பெரியப்பா ஞாபகப்படுத்துவார். 1946-ல் இதே ஊரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்துகொண்டிருந்த கம்பெனிதான் பிறகு டயருக்கு வந்தது என்று சித்தப்பா முடிப்பார். இந்த மூன்றும் முடியாமல் என் வண்டியில் ஒரு நட்டைக் கழற்ற முடியாது.

ஆலோசனைகளும் அப்படியே. லேலண்ட் தாத்தாவுக்கு ஜீப் ஒரு கைக்குழந்தை. "ஸ்பிரிங் பட்டையை இன்னும் ரெண்டு சேர்த்துப் போடு, பத்து டன் தாங்கும்" என்பார். நான் பத்து டன் எதை ஏற்றப்போகிறேன்? சித்தப்பா எஞ்சின் பக்கமே வர மாட்டார். குனிந்து நாலு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு நாடி பார்த்த வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். பெரியப்பா கண்ணை மூடிச் சத்தம் கேட்பார். கேட்க முதலில் சத்தம் வர வேண்டுமே.

சத்தம் வந்த அன்று ஊரே வந்துவிட்டது. பிளக் ஒயர்களைக் கழற்றித் துடைத்து மாட்டியவன் நான். இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்க வேண்டும். நான் படித்தவனாயிற்றே, 1-2-3-4 என்று மாட்டிவிட்டேன். செல்ஃப் எடுக்காததால் தாத்தா கைப்பிடி போட்டுச் சுற்றினார். சைலன்சர் வழியாக ஒரு வெடி. மாடியில் காய்ந்த அப்பளத்தோடு ஒரு அக்கா கீழே இறங்கி வந்தார். பெரியப்பா மட்டும் நகரவில்லை. "ஒரே சிலிண்டரா வச்சிருந்தா இந்த வரிசைச் சண்டையே கிடையாது" என்றார்.

எஞ்சினைக்கூடச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது உப்புக்காற்று. எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒரு பீடி பிடிக்கும் தூரம். இரும்பின் மேல் படிந்த உப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த உப்புத்தண்ணீர் துருப்பிடிக்கும் வேலையை நாலு கால் பாய்ச்சலில் நடத்தும். சனிக்கிழமை சாயங்காலம் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்த மட்கார்டு ஞாயிறு காலையில் சந்தனக்காப்பு சாத்திய மாதிரி இருக்கும். (தேய்க்கும் தாளுக்கும் உப்புத்தாள் என்றே பெயர் வைத்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.) சரி, உடனே பெயிண்ட் அடித்துவிடலாம் என்றால், அது காய்வதற்குள் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து சாம்பல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள், ஆனால் சாம்பலுக்கு வாரிசு உண்டு. கையால் தடவிப் பார்த்த ஒருவர், "இன்னா சார், மேட் ஃபினிஷா? சோக்கா கீது" என்று பாராட்டினார். நானும் ஆமாம் என்றேன்.

காலடித் தகடு சல்லடையாகிவிட்டது. டிங்கர் கேட்ட கூலிக்கு இன்னொரு ஜீப் வாங்கலாம். காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடும் தம்பி ஒருவரைப் பிடித்தேன். அவர் ஓட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இரும்பு எதுக்குண்ணே? ஃபைபர் போட்டுடலாம். தண்ணி வந்தா மெதக்கும்" என்றார். வேலையை ஒப்புக்கொண்ட இரண்டாம் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது, 2023 டிசம்பர். வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படர்ந்ததில், தம்பி தார் அப்பிய படகுகளைச் சுரண்டப் போய்விட்டார். "எண்ணெய் பட்டா துரு பிடிக்காது, உன் வண்டிக்கு..." என்று ஆரம்பித்த லேலண்ட் தாத்தா, வாக்கியத்தை முடிக்காமல் உள்ளே போய்விட்டார். என் தகடு இரண்டு மாதம் காத்திருந்தது. நான் போன் பண்ணவில்லை.

ஃபோர் வீல் விஷயத்துக்கு வருகிறேன். கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி லீவர்கள். ஒன்றைத் தள்ளினால் முன் சக்கரங்களும் இழுக்கும். இன்னொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். என் வண்டியில் முன் சக்கர லீவர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. இவ்வளவு சுலபமாக விழுகிறதே என்று அடியில் படுத்துப் பார்த்தேன். முன் பக்கம் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டே இல்லை. பெட்ரோல் மிச்சம் என்று முந்தைய நாலு பேரில் யாரோ ஒரு புண்ணியவான் கழற்றிவிட்டிருந்தான்.

மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பின்னாடி ரெண்டு வீல் மட்டும்தான் இழுக்குமாம்."

"அப்போ இது டூ வீலரா?"

ஷாஃப்ட் தேடிப் புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளைச் சலித்தேன். கடைசியில் தண்டையார்பேட்டையில் ஒரு காயலான் கடையில், தார்ப்பாய்க்கு முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தது. கடைக்காரர் கிலோ நாற்பது ரூபாய் என்றார். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு எடை போட்டிருக்க வேண்டும். "ஐயோ, இது ஜீப் ஷாஃப்ட் ஆச்சே!" என்று கட்டிப்பிடித்துவிட்டேன். தராசு உள்ளே போய்விட்டது. 4,500 ரூபாய் கொடுத்தேன், தார்ப்பாய்க்கு மாற்று முட்டு தனி.

அதை மாட்டி, பெருமைக்காக இரண்டு ஆக்சிலையும் கோத்துக்கொண்டு தேரடி வரை போனேன். வளைவில் வண்டி நின்றுவிட்டது. ஃபோர் வீல் சேறு மணலுக்கானது. இந்த மாதிரிப் பழைய வண்டியில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும். வளையும்போது முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் போக வேண்டும். மணலில் டயர் வழுக்கிக் கொடுத்துச் சரிபண்ணிவிடும். தார் ரோட்டில் வழுக்காமல் முறுக்கு உள்ளேயே ஏறி, லீவரும் சிக்கிக்கொள்ளும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. தேரடியில் தேர் நின்றால் ஜனங்களுக்கு என்ன செய்வது என்று தெரியும். ஒருவர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை தேடினார். பூக்கடை அம்மாள் சூடம் ஏற்றினார். பத்துப் பேர் பின்னால் தள்ளியதும் முறுக்கு இறங்கி, லீவர் தானாக விடுபட்டது. அதற்குக் காரணம் ரிவர்ஸ்தான், ஆனால் பூக்கடை அம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை.

நடுவில் ஒரு சந்தோஷச் செய்தி. 50 வயது தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம் என்று 2021 ஜூலையில் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஒரு 'ஓ' சேர்த்தால் கிராம நிர்வாக அலுவலர். அன்றாடச் சவாரிக்கு எடுக்கக்கூடாது; கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்கப் போகலாம். என் வண்டி போவதே பழுது பார்க்கத்தான் என்பதால் சட்டப்படி நான் சுத்தம். ஒரே இடைஞ்சல், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாதாம். தாத்தாவின் பட்டைகளையும் காசிமேட்டுத் தளத்தையும் நினைத்துக்கொண்டேன். எனக்கும்தான் 50 ஆயிற்று. என் கழுத்தில் யாரும் வி.ஏ. போர்டு மாட்டவில்லை.

இந்த மாசியில் மனைவி கோயிலுக்குக் கூட்டிப்போய், "இனிமே இந்த வண்டிக்கு ஒரு நட்டு வாங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள். நான் சந்நிதியைப் பார்த்துத் திரும்பினேன். "அங்க வேணாம். மகிழ மரத்துக்குக் கீழ" என்றாள். திருவொற்றியூர்ப் பெண்ணை ஏமாற்ற முடியாது. சுந்தரர் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று இதே மகிழ மரத்தடியில் சத்தியம் செய்ததும், மீறி எல்லையைத் தாண்டியதும் கண்ணிரண்டும் போனதும் இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கதை. செய்தேன்.

பத்தாம் நாள், ஒரே ஒரு நட்டுக்காக, ஆபீஸ் விட்ட பிறகு, புதுப்பேட்டைக்குக் கிளம்பினேன். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் கன்டெய்னர் லாரியைத் தாண்ட, வலது பக்கம் உட்கார்ந்து "வரலாம், வராதே" என்று சொல்ல ஆள் வேண்டும், பெரியப்பா வந்தார். எங்கள் ஊர் எல்லையான டோல்கேட்டை வண்டி தாண்டியது. முன் விளக்கு இரண்டும் ஒன்றாக அணைந்தன.

காரணம் விஞ்ஞானபூர்வமானது. இந்த ஜீப்பில் டிம் சுவிட்ச் காலடித் தகட்டில் இருக்கும், காலால் மிதிக்க வேண்டும். உப்புத்தண்ணீர் புகுந்து ஷார்ட். பெரியப்பாவிடம் இதை விளக்கினேன். "நீ சத்தியம் பண்ணது எனக்குத் தெரியும்" என்றார்.

சுந்தரருக்கு ஒரு கண் காஞ்சிபுரத்தில் கிடைத்தது, இன்னொன்று திருவாரூரில். எனக்கு இடது பக்க விளக்கு புதுப்பேட்டையில் கிடைத்துவிட்டது. வலது பக்கத்தில் விளக்குக் கிண்ணமும் வளையமும் துருவிலேயே உதிர்ந்துபோயின. 1972 சி.ஜே.3பி.க்கான அசல் கிண்ணம் திருவாரூர்ப் பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். விலையைக் கிலோவில் சொல்லவும். வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், ஆபீசுக்கு.