சூரியநெல்லிக்கு மேலே

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டம், போடிநாயக்கனூர் தாலுகாவில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துக்குள் நுழைந்து, சின்னக்கானல் பக்கம் சூரியநெல்லியில் ஜீப் பிடிக்க வேண்டும். நம் பக்கம் குரங்கணியிலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதையில் நடக்கத்தான் முடியும். சூரியநெல்லியிலிருந்து 12 கிலோமீட்டர் போல இருக்கும். ஏற ஒன்றரை மணி நேரம். கொஞ்ச தூரம் தேயிலைத் தோட்டத்துக்குள் ஓரளவு நல்ல பாதை. பிறகு வெறும் பாறையும் உருட்டுக்கல்லும். 7,000 அடிக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் சாமான் ஏற்றவும் ஆள் ஏற்றவும் உண்டான பாதை அது. நாமெல்லாம் பிறகு வந்தவர்கள்.

2005 டிசம்பரில் கல்லூரி நண்பர்கள் இரண்டு ஜீப்பில் போனோம். எங்கள் வண்டி தார்ப்பாய் போட்ட பழைய மஹிந்திரா. ஓட்டியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் ஸ்டியரிங் பிடித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கட்டைவிரல் இரண்டையும் வளையத்துக்குள் விடாமல் மேலேயே படுக்க வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "சக்கரம் கல்லுல இடிச்சா ஸ்டியரிங் திருப்பி அடிக்கும் தம்பி. உள்ள விரல் இருந்தா ஒடிச்சிட்டுப் போயிரும்" என்றார்.

நடுப்பாதையில் பெரிய கல் நீட்டிக்கொண்டிருந்தால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் அது வரும்படி ஓட்டத்தான் யாருக்கும் தோன்றும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு பக்கச் சக்கரத்தை அந்தக் கல்லின் மேலேயே ஏற்றினார். சக்கரம் ஏறினால் அச்சும் கூடவே உயரும். அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் கல்லில் இடிக்காது. ஃபோர் வீல் போட்டு, லோ கியரில், மனிதர் நடக்கும் வேகத்தில் வண்டி போனது. சந்தேகமான இடத்தில் நிறுத்தி, இறங்கி, கல்லைக் காலால் அசைத்துப் பார்த்துவிட்டு வந்தார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் என்று முதல் கியரிலேயே விட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறக்கினார். அவ்வளவு நேரமும் கிளட்ச் பக்கம் கால் போகவில்லை. வழியில் அரிசிச் சாக்கோடு நின்ற தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேரைக் கேட்காமலே ஏற்றிக்கொண்டார். நாங்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மேலே போய்ச் சேரும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஃபேக்டரியில் வெள்ளைக்காரன் காலத்து இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாடவைத்த இலையை உருட்டிப் பதப்படுத்தும் பழைய ஆர்த்தடாக்ஸ் முறைதான். சூரிய உதயத்தைப் பற்றி யாரும் எங்களிடம் பேசவில்லை.

இந்த ஜனவரியில் அதே நண்பர்கள் பிள்ளைகளோடு போனோம். விடிவதற்கு வெகு நேரம் முன்பே சூரியநெல்லியில் ஜீப்புகள் வரிசை கட்டி நின்றன. டீசல் புகையில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. எங்கள் டிரைவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தேர்ந்த கை. அந்த இருட்டில் ஒவ்வொரு கல்லும் அவருக்கு மனப்பாடம். ஆனால் நிறுத்தி ஏற வேண்டிய இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்துத் தாவினார். சக்கரம் சுழன்று சரளை பறந்தது. பிள்ளைகள் "இன்னும் ஃபாஸ்ட்டாப் போங்கண்ணா" என்று கத்தினார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சூரியன் யாருக்கும் காத்திருக்காது. உதயத்தைக் காட்டவில்லை என்றால் சவாரி வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். திரும்பிப் போய் அடுத்த சவாரியும் எடுக்க வேண்டும். அந்த அவசரம் முழுக்க நாம் கொண்டுபோனது. சுழலும் சக்கரம் மண்ணைப் பறிக்கிறது, பறித்த மண்ணை மழை அடித்துப் போகிறது, அடுத்த பருவத்தில் கல் இன்னும் வெளியே நிற்கிறது. இதே கல்லில்தான் தோட்டத்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளை நிறுத்திவைத்தபோது பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது சரியென்றே பட்டது. வண்டியையும் டிரைவரையும் சோதிப்பதோடு, ஒரு விடியலுக்கு எத்தனை வண்டி ஏறலாம் என்பதையும் கறாராக வரையறுக்க வேண்டும்.

இறங்கும்போது, "எங்களுக்கு அவசரமில்லை தம்பி, மெதுவாவே போங்க" என்றேன். அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். லோ கியர் போட்டார். கால் இரண்டும் பெடலை விட்டு விலகின. பிள்ளைகள் முதலில் சலித்துக்கொண்டு, பிறகு எட்டிப் பார்த்து, எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் ஏறும் என்று பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள்.

"இங்க தார் ரோடு போட்டா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டேன்.

"ரோடு போட்டா எங்க ஜீப்புல யாரு சார் ஏறுவா? அவங்கவங்க கார்லயே வந்துருவாங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார்: "ஆனா எங்க அம்மா மேலதான் கொழுந்து எடுக்குது. மூட்டுவலி. அதுகிட்டக் கேட்டா நாளைக்கே ரோடு வேணும்னு சொல்லும் சார்."