நாளுக்கா, மாசத்துக்கா?

1988-ல் மேலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தனிவட்டிக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் நான். அசல், காலம், வட்டி வீதம் மூன்றையும் பெருக்கி நூறால் வகுத்தால் தீர்ந்தது. எங்களுக்கு அது ‘பி.என்.ஆர்.’

அப்பத்தாவுக்குக் கையெழுத்துக்கூட வராது. ஆனால் பாதித் தெரு அவளிடம்தான் கடன். நூற்றுக்கு ரெண்டு வட்டி; கணக்கு அடுப்படிச் சுவரில் கரிக்கோடாக இருக்கும். “அப்பத்தா, நீ வருசத்துக்கு 24 சதவீதம் வாங்குற” என்று ஒருநாள் கண்டுபிடித்துச் சொன்னேன். “வருசமெல்லாம் ஒம் பொஸ்தகத்துல. எனக்கு மாசம்” என்றாள். ஐம்பதாவது கோட்டில் வட்டி அசலைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஒரு பைசா வாங்கமாட்டாள், பாவமாம். மனுஸ்மிருதி சொல்லும் வரம்பும் அதுதான். அவள் மனுவைக் கண்டாளா!

இப்போது எனக்கு ஜாகை ஆக்லாந்தின் ஒடாஹுஹு. இரு கடல்களுக்கு நடுவே மாவோரிகள் தோணியைத் தரையில் இழுத்துக் கடந்த ஒடுங்கிய நிலம். நான் இழுத்தது வண்டியை. கியர்பாக்ஸ் போய்விட்டது, ரிப்பேருக்கு 1000 டாலர். கடன் கொடுக்கும் கடை ஒன்றில் நுழைந்தேன். வட்டி 0.8 என்றார்கள். அப்பத்தாவின் ரெண்டில் பாதிகூட இல்லையே! கையெழுத்துப் போட்டுவிட்டு, பெருமை பொறுக்காமல் ஊருக்குப் போன் செய்தேன். அவளுக்குத் தொண்ணூறை நெருங்கும் வயது, காதும் மந்தம்.

“நாளுக்கா, மாசத்துக்கா?” என்றாள்.

தாளைப் புரட்டினேன். நாளுக்கு. முப்பது நாளில் 240 டாலர். அப்பத்தாவாக இருந்தால் 20. வருடத்துக்கு 292 சதவீதம் என்றும் அதே தாளில் அச்சிட்டிருந்தார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை. பி.என்.ஆரில் ‘என்’ என்பது வருடம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன், அங்கே அதைக் கேட்க மறந்தேன்.

0.8 என்பதும் சட்டம் போட்ட உச்சவரம்புதான். 2020 முதல் நியூசிலாந்தில் இந்த ரகக் கடனுக்கு நாள்வட்டி அதைத் தாண்டக் கூடாது. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது. அப்பத்தா சட்டம்தான். அவள் ஐம்பது மாதத்தில் தொட்ட கோட்டை, கட்டணத்தை விட்டுவிட்டாலும், இவர்கள் 125-ஆம் நாளே தொட்டுவிடுகிறார்கள்.

இங்கே மனிடாக்ஸ் என்று இலவசத் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் கூப்பிடுங்கள். என்னைப் போலப் போட்ட பிறகு அப்பத்தாவைக் கூப்பிடாதீர்கள்.